நடப்போர் உரிமையும் நகர மன்றங்களின் கடமையும்

யாழ்ப்பாணத்து மத்திய பஸ் நிலையத்துக்கும் போதனா வைத்தியசாலைக்கும் இடையே உள்ளது கூப்பிடு தூரம். தீவகத்திலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ வன்னியிலிருந்தோ நோயுற்று வரும் முதியவர் ஒருவர், பஸ்ஸை விட்டிறங்கி அக்கூப்பிடு தூரத்தைத் தம் காலாற் கடந்துவிடலாம் என்று நம்பி அடியெடுத்து வைக்கின்றாரா? வைக்கின்றாரில்லை. மகனோ மகளோ ஒரு கையால் அவரைப் பற்றிக்கொண்டு, வருகின்ற வாகனங்களை நோக்கி மறுகையை நீட்டிக் கெஞ்சி அக்கரை சேர்க்க வேண்டும். அன்றேல் ஐந்து நிமிட நடைக்கு முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆற்றைக் கடப்பது போல வீதியைக் கடக்க வேண்டியிருக்கின்றது. ஆற்றுக்காவது தோணி உண்டு.

இதனைச் சிறு அசௌகரியம் என்று கூறி ஒதுக்குவோர் உளர். அரசியற் பத்திரிகை ஒன்று தன் ஆசிரிய தலையங்கத்தில் நடைபாதையைப் பற்றி எழுதுவதா என்று நகைப்போரும் இருப்பர். நகைக்கட்டும். ஓர் ஊரை ஆள்வோர் தம் மக்களுள் எவரை மனிதராக மதிக்கின்றனர் என்பதை மேடைப் பேச்சைக் கேட்டு அறிய வேண்டியதில்லை. தெருவோரத்தைப் பார்த்தாலே போதும். நம் நகரங்களிலே வாகனம் உடையவனுக்குக் காபெற் வீதி கிடைத்திருக்கின்றது. வாகனம் இல்லாதவனுக்குக் கிடைத்தது வாய்க்காலின் மூடி. அந்த மூடியும் பத்து அடிக்கு ஒருமுறை உயர்ந்தும் தாழ்ந்தும் உடைந்தும் கிடக்கும். அதன்மேல் ஒரு மின்கம்பம், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கடையின் விளம்பரப் பலகை.

வீதி யாருடையது என்ற கேள்வியைச் சட்டத்திலிருந்தே தொடங்குவோம். மோட்டார் வாகனம் ஒன்று வீதிக்கு வரவேண்டுமாயின், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அது பதியப்பட்டிருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதற்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், காப்புறுதி செய்யவேண்டும், செலுத்துவோர் பரீட்சையிற் சித்தியெய்திச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவ்வாகனத்துக்கு வீதியில் இடமில்லை. நடப்பவனுக்கோ எந்தப் பத்திரமும் வேண்டியதில்லை. (நம் நாட்டில் நடப்பவனை மறித்து அடையாள அட்டை கேட்ட காலம் ஒன்று உண்டு. அது வேறு கதை. அப்பொழுதுங்கூட அவன் யார் என்று கேட்டார்களேயன்றி, நடக்க அனுமதி பெற்றாயா என்று கேட்கவில்லை.) ஆகவே நடப்பவன் வீதியில் நிற்பது உரிமையால், மோட்டார் நிற்பது அனுமதியால். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை, பிரசை ஒவ்வொருவருக்கும் நடமாடும் சுதந்திரத்தை வழங்குகின்றது. அவ்வுறுப்புரை சோதனைச் சாவடிகளைப் பற்றி மட்டும் பேசுவதாகவே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வீதியைக் கடக்க முடியாமல் வாசலில் நின்று திரும்பும் மூதாட்டியும் ஒரு பிரசையே.

உரிமையால் வந்தவன் ஒதுங்கி நிற்க, அனுமதியால் வந்தது நடுவீதியில் விரைகின்றது. இந்தத் தலைகீழ் நிலைக்கு நாம் கொடுக்கும் விலை உயிர். இந்நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதிகளில் மாள்கின்றனர். அவருள் பெரும்பாலோர் காரினுள் அமர்ந்திருந்தவர் அல்லர். நடந்து சென்றோரும், துவிச்சக்கரவண்டியிற் சென்றோரும், மோட்டார் சைக்கிளிற் சென்றோருமே. உலகளவிலும் இதுவே நிலை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் இறப்பதாகவும், அவருள் பாதிக்கு மேற்பட்டோர் இம்மூவகையினரே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இவற்றை நாம் விபத்துக்கள் என்கின்றோம். எதிர்பாராதது நிகழ்ந்தால் அது விபத்து. பாடசாலை வாயிலில் பாதசாரிக் கடவை இல்லை. அவ்விடத்தில் வாகனங்கள் வேகம் குறைப்பதில்லை. காலை ஏழரை மணிக்கு ஐந்நூறு பிள்ளைகள் அங்கே வீதியைக் கடக்கின்றனர். இதில் எதிர்பாராதது எது? கவலையீனம் என்பதற்குச் சட்டப் புத்தகங்கள் தரும் இலக்கணம் இதனைவிடப் பெரிதன்று.

நம் மக்களுக்குத் துவிச்சக்கரவண்டியைப் பற்றி எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. குடாநாடு மேடு பள்ளமற்ற சமநிலம். ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒரு மைல், இரண்டு மைல். ஒழுங்கைகள் நிழல் செறிந்தவை. சைக்கிளுக்கென்றே படைக்கப்பட்ட மண் என்று கூறின் மிகையாகாது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தபாற்காரரும் மீன் பெட்டியைக் கட்டிவரும் வியாபாரியும் அதிலேயே வந்தனர். அவ்வண்டிக்கு உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுவரி அறவிட்டு இலக்கத் தகடு வழங்கிய காலத்தை முதியோர் அறிவர். விளக்கின்றிச் சென்ற குற்றத்துக்கும் ஒருவரை ஏற்றி இருவராய்ச் சென்ற குற்றத்துக்கும் நீதவான் நீதிமன்றத்திலே வரிசையாய் நின்று குற்றப்பணம் கட்டியவரும் உளர். வரியும் கட்டினர், குற்றமும் கட்டினர். அவர்க்கென ஒரு முழ அகலப் பாதை எந்த மன்றத்தினாலும் ஒதுக்கப்பட்டதாக நாம் அறியோம்.

1990இல் கண்டி வீதி மூடப்பட்டு, பொருளாதாரத் தடை இறுக்கப்பட்டபோது, பெற்றோல் இல்லாத குடாநாட்டை நடத்திச் சென்றது எது? மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய சில பழைய கார்களை விட்டால், அனைத்தும் துவிச்சக்கரவண்டியே. விறகு வந்ததும் அதில். வெங்காயம் சந்தைக்குப் போனதும் அதில். பிரசவ வேதனையுற்ற பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் பல வேளைகளில் அதுவே. மின்சாரமில்லாத இரவுகளில் பின் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்னெடுத்து வானொலிச் செய்தி கேட்டது நம் சமூகம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிற் புறப்பட்டபோது, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நகர்ந்தது கால்களும் சைக்கிள்களுமே. தாயைப் பின்னே இருத்தி, பிள்ளையை முன்னே இருத்தி, இரு கைபிடிகளிலும் வீட்டையே தொங்கவிட்டுத் தள்ளிச் சென்றவர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

அக்காலத்தின் இன்னொரு விளைவை நம் சமூக வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை. பெண்பிள்ளைகள் சைக்கிளேறினர். காலையிற் பாடசாலைக்கும் மாலையிற் தனியார் வகுப்புக்கும் ஐந்தாறு பேராய் அணிசேர்ந்து சென்ற மாணவியர் கூட்டம், யாரையும் துணைக்கு அழைக்காமல், யாரிடமும் காசு கேளாமல், தம் ஊரின் எல்லையைத் தாமே விரித்துக்கொண்டது. எந்தச் சீர்திருத்தச் சங்கத்தின் தீர்மானமும் செய்யாத வேலை அது. இன்று அவர்களின் மகள்மாரை வானிலும் முச்சக்கரவண்டியிலும் ஏற்றி அனுப்புகின்றோம். ஏன் என்று தாய்மாரைக் கேட்டால் ஒரே பதில்: "றோட்டிலை விடப் பயமாயிருக்கு." பயத்தினால் ஒவ்வொரு வீடும் ஒரு வாகனத்தை வீதிக்கு அனுப்ப, அவ்வாகனங்களைக் கண்டு அடுத்த வீடும் பயப்படுகின்றது.

இரண்டாம் முறையும் பாடம் வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தவியலாது என்று அரசு அறிவித்தது. எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. வரிசையிலேயே சிலர் உயிரிழந்தனர். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. அன்று கொழும்பிலே கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர்கள் காலி வீதியிற் சைக்கிள் மிதித்தனர். பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் வெளியே வந்தன. புதியவற்றின் விலை தாங்க முடியாத அளவு ஏறிற்று. சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைப்போம் என்று பேசாத அதிகாரி அந்நாட்களில் இல்லை. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது; எரிபொருள் வந்தது; பேச்சுப் போயிற்று.

பெற்றோல் பஞ்சம் நமக்கு மட்டும் வந்ததன்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது நெதர்லாந்து அரசு ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது. மக்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தனர், பிள்ளைகள் விளையாடினர். அதற்கு முன்னரே அந்நாட்டிற் பெற்றோர் கிளர்ந்தெழுந்திருந்தனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே வீதிகளில் இறந்தோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். "சிறுவர் கொலையை நிறுத்து" என்பதே அப்பெற்றோர் தம் இயக்கத்துக்கு இட்ட பெயர். விபத்து என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. வீதிகளை மறித்தனர், பாராளுமன்றத்தை நெருக்கினர், நகரசபைத் தேர்தல்களில் இதனையே கேட்டனர். இன்று உலகம் வியக்கும் அந்நாட்டுச் சைக்கிட் பாதைகள் குளிர்நாட்டவரின் இயல்பினால் தாமாக முளைத்தவை அல்ல, கேட்டுப் பெற்றவை. அவர்கள் ஒருமுறை கற்றதை நாம் இருமுறை கற்று இருமுறையும் மறந்தோம்.

மறந்ததன் பலன் இப்பொழுது கப்பலில் வந்து இறங்குகின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீளத் திறந்துவிடப்பட்டது. அவ்வோராண்டில் மட்டும் நூறு கோடி அமெரிக்க டொலருக்கு மேல் வாகனங்களுக்காக நாட்டை விட்டுச் சென்றது. வாகனம் வாங்குவோரை நாம் பழிக்கவில்லை. பஸ் நேரத்துக்கு வராத ஊரில், நடக்கப் பாதையில்லாத ஊரில், தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கும் இளைஞனுக்கு வேறு வழி யாது? ஆனால் வீதியின் அகலம் தவணைக்கு வளர்வதன்று. கஸ்தூரியார் வீதியின் இருமருங்கும் கட்டடங்கள் நூற்றாண்டாய் நிற்கின்றன. அங்கே நுழையும் ஒவ்வொரு புதிய காரும், ஏற்கெனவே நிற்கும் ஏதோ ஒன்றைத் தள்ளிவிட்டே நிற்கவேண்டும். தள்ளப்படுவது எப்பொழுதும் நடப்பவனே. ஒரு கார் நிற்கும் இடத்திற் பத்துத் துவிச்சக்கரவண்டிகள் நிற்கும் என்ற கணக்கை வர்த்தகப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. அப்பத்துப் பேரும் வாடிக்கையாளரே.

உண்மையான தடை பணமும் அன்று, இடமும் அன்று, மதிப்பு. சைக்கிளில் வருபவன் வறியவன், நடந்து வருபவன் அதனினும் வறியவன் என்ற எண்ணம் நம்முட் புகுந்து வேரூன்றிவிட்டது. வெளிநாட்டுப் பணம் வந்த வீட்டில் முதலில் வெளியேறுவது சைக்கிள். அதே வீட்டுப் பிள்ளை ஒஸ்லோவிலோ கொப்பன்ஹேகனிலோ பனியிற் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும் படத்தை அனுப்பினால் அதனைப் பெருமையுடன் அயலாருக்குக் காட்டுகின்றோம். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கிய அரசுகளை இந்நாடு கண்டது. நடப்பவனுக்கு ஒரு மரத்தின் நிழலைத் தீர்வையின்றி வழங்கிய அரசைக் கண்டதில்லை.

இவை யாவும் மேல்நாட்டுக் கனவு, இங்கு நடவாது என்பார்க்கு ஆண்டுதோறும் நல்லூர் விடை கூறுகின்றது. கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாள். அந்நாட்களிற் கோவிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. மாநகர சபை மணல் பரவுகின்றது. தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. பொலிசார் வாகனங்களை வேறு வழியே திருப்பிவிடுகின்றனர். இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். பிள்ளையைக் கைவிட்டு நடக்கவிடும் தாயை யாழ்ப்பாண நகரத்தில் அந்த 25 நாட்களில் அவ்வீதிகளிற் காணலாம். முதியோர் வீதி நடுவே நின்று ஆறுதலாகக் கதைக்கின்றனர். கச்சான் விற்பவரும் காப்புக் கடைக்காரரும் ஆண்டின் சிறந்த வியாபாரத்தை அப்போதுதான் செய்கின்றனர். வாகனத்தை மறித்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுவோர் அக்கடைகளிற் கேட்டறிக. நகரம் அந்நாட்களில் ஸ்தம்பித்துப் போகின்றதா? இல்லை. மாற்றுவழி தெரிகின்றது, பழகிக்கொள்கின்றது. முருகனுக்காக 25 நாள் முடிவது, மனிதருக்காக ஒரு சந்தைத் தெருவில் மாலை நான்கு மணிக்கூறு முடியாதா?

வெயிலைக் காரணம் காட்டுவோர் உளர். அவர் கூற்றில் நியாயமுண்டு. பங்குனி சித்திரை வெயிலிற் காபெற் வீதியோரம் நடப்பது தண்டனை. ஆனால் அவ்வீதிகளில் நிழல் இருந்தது. அகலிப்பு என்ற பெயரால் வேம்பையும் பூவரசையும் மருதையும் தறித்தவர் நாமே. தறித்த இடத்தில் நட்டது எத்தனை? வீதி ஒப்பந்தத்திலே தாருக்கும் சல்லிக்கும் கணக்கு எழுதுவோர், மரத்துக்கும் ஒரு வரி எழுதுதல் வேண்டும். நட்ட மரம் மூன்று கோடைகளைத் தாண்டும்வரை ஒப்பந்தக்காரரின் பிணைப்பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தலும் வேண்டும். சட்டத்தரணிகள் அறிந்த எளிய உபாயம் இது. கட்டடத்துக்குச் செய்வதை மரத்துக்கும் செய்வது.

இனி, நடைபாதையைச் சீர்செய்வோம் என்று அதிகாரம் புறப்படும்போதெல்லாம் முதலில் அடிவிழுவது நடைபாதை வியாபாரிக்கு. இதனை நாம் ஏற்கமாட்டோம். வெற்றிலையும் பழமும் பூவும் வைத்து வழியோரம் இருக்கும் ஏழைப் பெண்மணி அடைத்திருப்பது நான்கு சதுர அடி. அவள் இருப்பதனால் அத்தெருவில் இரவு எட்டு மணிக்கும் ஒரு விளக்கு எரிகின்றது, மற்றொரு பெண் அஞ்சாமல் நடக்கின்றாள். நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தப்பட்ட ஒரு வானை அகற்றினால் அவளைப் போன்ற பலருக்கு அளந்து இடம் கொடுக்கலாம். இந்தியா 2014இல் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றிற்று. சென்னை மாநகராட்சி அதே ஆண்டில், நடப்போர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்குமான கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துச் செலவில் ஆறில் ஐந்தன்று, நூற்றுக்கு அறுபது பங்கை அவர்க்கு ஒதுக்குவதென எழுதிவைத்தது. எழுதியது முழுவதும் நிறைவேறிற்று என்று நாம் கூறோம். ஆனால் தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரில் 2019இல் கார்களின் இடத்தைக் குறைத்து அகன்ற நடைபாதை அமைத்தனர். நம்மவர் பலர் கலியாணப் புடைவை எடுக்கச் செல்லும் அதே தெருதான் அது. அங்கே ஆறுதலாக நடந்து மகிழ்ந்துவிட்டு இங்கே வந்து, நம்மூரில் முடியாது என்கின்றோம்.

பொறுப்பாளி யார் என்று தேடுவோருக்கு ஒரு சுற்றுலாவே காத்திருக்கின்றது. ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகை மாகாண வீதித் திணைக்களத்துக்குரியவை. எஞ்சியவையே மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. கம்பம் மின்சாரத்துறையினது, குழாய் நீர் வழங்கற் சபையினது, போக்குவரத்து ஒழுங்கு பொலிசாரினது. ஆகவே கண்டி வீதியில் ஒரு கடவை கேட்டுச் சென்றால், மாநகர சபை அதிகார சபையைக் காட்டும், அதிகார சபை பொலிசாரைக் காட்டும், பொலிசார் மாநகர சபையைக் காட்டுவர். கேட்கப் போனவர் மூன்று அலுவலகங்களுக்கும் நடந்தே செல்லவேண்டியவர் என்பது இதிலுள்ள வேடிக்கை. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து, அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன.

எனினும் மாநகர சபை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள வீதிகளையும் திறந்த வெளிகளையும் பேணுவதோடு, பொதுமக்களின் சுகாதாரத்தையும் நலனையும் வசதியையும் வளர்ப்பதையும் சபையின் கடமையாக்கியுள்ளது. அங்கே "வாகனங்களின் வசதி" என்று எழுதப்படவில்லை. இதற்கு மேலும் ஒரு சட்டக் கடமை உண்டு. 2006ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான அங்கவீனர் பிரவேச வசதி ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் யாவரும் அணுகத்தக்கவையாக அமைக்குமாறு பணிக்கின்றன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அவ்விதிகளை வலியுறுத்திக் கட்டளையிட்டது. போரிலே கால் இழந்தோர், கண் இழந்தோர் நம் மாகாணத்தில் எத்தனை பேர் என்பதை நாம் கூறித் தெரிவிக்க வேண்டியதில்லை. மேடைகளில் அவர்களைத் தியாகத்தின் சின்னங்கள் என்று போற்றுகின்றோம். ஊன்றுகோலுடன் வரும் ஒருவர் ஏறத்தக்க சாய்தளம் நம் நகரத்தின் எத்தனை நடைபாதைகளில் இருக்கின்றது? போற்றுதலைவிட ஆறங்குலக் கொங்கிறீற்றுச் சாய்வு அவர்க்கு அதிகம் உதவும்.

அயல்நாட்டுச் சட்டமும் நகர்ந்துவிட்டது. தடையற்ற நடைபாதை பெறுதல் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்திற் கூறிற்று. நம் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆயினும் அது உட்கிடையாக உள்ளதென நம் உயர் நீதிமன்றம் 2003இல் சிறியானி சில்வா வழக்கில் ஏற்றிருக்கின்றது. அடிப்படை உரிமை மனு ஒன்றுக்கு இங்கே இடமுண்டு என்று நாம் கருதுகின்றோம். ஆனால் நீதிமன்றம் வரை செல்லாமலே செய்யத்தக்கவை பல.

முதலாவது வேகம். நகர்ப்புறங்களிற் காருக்கு விதித்த எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். நடப்போரும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30க்கு மேற்படக் கூடாதென 2020இல் ஸ்டொக்ஹோமிற் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு பிரகடனஞ் செய்தது. வேகம் 50இலிருந்து 30க்கு இறங்கினால் மோதலின் வலு ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைகின்றது. இது பௌதிகவியல், அபிப்பிராயம் அன்று. வேம்படி, மத்திய கல்லூரிச் சூழலிலும் வைத்தியசாலைச் சூழலிலும் இதனைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. கடவையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுக. அப்பொழுது வாகனம் ஏறி இறங்கும். நடப்பவன் ஏறி இறங்க வேண்டியதில்லை. உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த நகர அபிவிருத்தித் திட்டத்திற் சில வீதிகள் வாய்க்காலும் நடைபாதையும் சேர்த்துப் புதுக்கப்பட்டன. அவை தனித்தனித் துண்டுகளாய் நில்லாமல் ஒன்றோடொன்று இணைய வேண்டும். தொடராத நடைபாதை, நடுவில் விழுந்த பாலம் போன்றது. பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் கூரையும் காவலும் உள்ள சைக்கிள் தரிப்பிடம் அமையின், கோண்டாவிலிலிருந்தும் கொக்குவிலிலிருந்தும் வருவோர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு வருவர்.

இரண்டாண்டுகளுக்கு மேல் ஆணையாளர் ஆட்சியில் இருந்த உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6ஆம் நாள் தேர்தலின் பின்னர் மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பி வந்தன. நிதி இல்லை, அதிகாரம் இல்லை என்று உறுப்பினர்கள் கூறுவதில் உண்மையுண்டு. அதிகாரத்துக்காக நாம் போராடுவதும் அதனாலேயே. ஆனால் கையிலிருக்கும் சிறு அதிகாரத்தைக் கொண்டு ஒரு வாய்க்கால் மூடியைச் சமமாய்ப் பதிக்காதவர், பெரிய அதிகாரத்தைக் கேட்கும்போது அவர் குரல் மெலிகின்றது. திருமலை யாத்திரை முதல் பொத்துவில் தொடங்கிப் பொலிகண்டி வரை நடந்தது ஈறாக, நடந்தே தன் கோரிக்கையை வைத்த மக்கள் கூட்டம் இது. அவர்களின் பிரதிநிதிகள் நடப்போருக்கு எதிரிகளாக இருத்தல் இயலாது.

ஆதலின் யாழ்ப்பாண மாநகர சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், வீதிச் செலவிலிருந்து நடைபாதைக்கும் கடவைக்கும் சைக்கிளுக்கும் நிழலுக்கும் எவ்வளவு என்று தனித் தலைப்பிற் காட்டுமாறு கேட்கின்றோம். உறுப்பினர் ஒவ்வொருவரும், வாக்களிக்கும் முன் ஒரு காலைப்பொழுதில், தம் வட்டாரத்து முதியவர் ஒருவரைக் கைபிடித்துப் பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலை வரை நடந்து வருக. வீதி அபிவிருத்தி அதிகார சபையுடனும் பொலிசாருடனும் பேசவேண்டியதை அந்த நடையிலேயே குறித்துக்கொள்ளலாம். வேலையும் அங்கேயே தொடங்கட்டும்: ஆஸ்பத்திரி வீதி, பஸ் நிலைய வாயில், முதற் கடவை.